அங்கால வீடு இல்லை

விசா படிவத்தில்
நிரந்தர முகவரி: திருநெல்வேலி.
தற்காலிக முகவரி: திருநெல்வேலி.
கொழும்பில் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.
"பிழையாய் நிரப்பியிருக்கு, மிஸ்."
இல்லை சார்.
ஒன்று தாமிரபரணிக் கரையில்.
மற்றது யாழ்ப்பாணத்தில், பலாலி வீதியில் இறங்கி
ஒழுங்கைக்குள் மூன்றாவது, டியூட்டரிக்கு மேல்மாடி.

ஒரு வருட ஒப்பந்தம்.
ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷினுக்கு நான் காவல்.

வீட்டுக்காரர் கனடாவில்.
வாட்ஸ்அப்பில் அவர் நெற்றி,
மீதியெல்லாம் ஸ்காபரோ கூரை.
அங்கே விடியல், இங்கே கொசு.
இல்லை, நுளம்பு.
"இரத்தினசோதி மூண்டு திறப்புத் தருவார்."
திறப்பு என்றால் சாவி.
பூட்டும்போதும் திறப்புதான்.
முதல் வாரம் படியில் நின்று நின்று
இதற்கே சிரித்தேன்.

"வடக்குப் பக்கக் கதவை மட்டும் திறக்காதேங்கோ."
ஏன் என்றேன்.
"அங்கால வீடு இல்லை."

உண்மைதான்.
தேக்குக் கதவு, பித்தளைக் கொண்டி,
திறந்தால் காற்று.
பன்னிரண்டு அடிக்குக் கீழே பிள்ளைகளின் சைக்கிள்கள்.
நேர் எதிரே, கை நீட்டினால் எட்டாத தூரத்தில்
ஒரு ஜம்பு மரம் என்னை முறைக்கும்.
அந்தப் பாதியைத் தம்பி கட்டுவதாக இருந்ததாம்.
தம்பி நோர்வேயில்.
"இப்ப நாங்கள் கதைக்கிறேல்லை" என்றவர்
தண்ணீர் மோட்டரைப் பற்றி
இருபது நிமிடம் கதைத்தார்.

ஃபேனில் ஒன்று வைத்தால் சூறாவளி, ஐந்து வைத்தால் தியானம்.
சுவரில் சதுர ஓட்டை, என் சார்ஜருக்கு உருண்டைக் கால்;
பேனா மூடியால் மேல் ஓட்டையைக் குத்தி
ஏமாற்றினால் உள்ளே விடும்.
பருப்பு வேகாது.
கேத்தலின் அடியில்
மாதம் ஒரு மில்லிமீட்டர் யாழ்ப்பாணம்
வெள்ளையாகப் படிகிறது.

குளியலறைக் குழாய் வழியே
கீழிருந்து அமலதாஸ் சேரின் குரல் ஏறி வரும்.
ஷாம்பூ போடுகையில் பென்சீன் வளையம்.
"விளங்குதோ?" என்பார்.
நுரைக்குள்ளிருந்து நானும்
விளங்குது சார் என்பேன்.

படிக்கட்டு விளக்கின் சுவிட்ச்
அவர் வகுப்புக்குள் இருக்கிறது.
எந்த மகராசன் வயர் இழுத்தானோ.
ஏழரைக்கு வகுப்பு முடிந்தால்
என் படிக்கட்டும் முடிந்தது.
அப்புறம் போன் வெளிச்சம்தான். பதினாறு படி,
ஏழாவது மட்டும் உயரம் கூட.
கண்ணுக்கு மறந்தாலும் கணுக்காலுக்குத் தெரியும்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் மெஷின் படுத்துவிட்டது.
எழுப்பி நிறுத்தி வர மணி பதினொன்று.
ஒழுங்கையில் வெள்ளம்,
ஓட்டோக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டார்.
செருப்பைக் கையில் பிடித்து வந்தால்
படிக்கட்டில் வெளிச்சம்.
வகுப்புக் கதவில் பூட்டு.
கதவுப் பலகையில் சாக்பீஸால் பரீட்சைத் தேதி.
அதற்குக் கீழே, அதே கையெழுத்தில்:
"இரத்தினசோதி அண்ணை, மேல்வீட்டுப் பிள்ளை
இன்னும் வரேல்லை. லைட் நிப்பாட்ட வேண்டாம்."

இரண்டு தடவை படித்தேன்.
அத்தனை வெளிச்சத்திலும்
ஏழாவது படியில் இடித்துக்கொண்டேன்.

இப்போது பின்னேரங்களில்
வடக்குக் கதவைத் திறந்து வைக்கிறேன்.
நிலையில் உட்கார்ந்து
அந்தத் தம்பியின் ஹாலுக்குள்
காலைத் தொங்கவிட்டிருப்பேன்.
பாண்காரரின் ஓட்டோ பாடிக்கொண்டு வரும்.
கயிற்றில் கூடையை இறக்கினால்
ஒரு ரோஸ் பாண், ஒரு மாலுபாண்,
மீதிக் காசுக்குப் பதில் டொஃபி.

நேற்று வீட்டுக்காரர் கேட்டார்:
"காத்து இரையுது. எங்க இருக்கிறீங்கள்?"
மறைக்கத் தெரியாமல் போனைத் திருப்பினேன்.
ஜம்பு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி,
என் இரண்டு கால், அதற்குக் கீழே சைக்கிள்கள்.
திட்டப்போகிறார் என்று இருந்தேன்.
நெற்றி அசையவில்லை.

"அதில தம்பியின்ர குசினி வரும்" என்றார்.
நான் ஹால் என்றல்லவா நினைத்திருந்தேன்.
"விழுந்திடாதேங்கோ" என்றார்.
பிறகு, தையிலிருந்து வாடகை
ஐயாயிரம் கூடும் என்றார்.
காற்று நல்லாய் வருகுதுதானே.